‘அஸ்’ ஒட்டு ஆராய்ச்சி: கற்பனை மாந்தருக்கு ரோமானியப் பெயர் சூட்டும் முறைமை

1. ஆய்வுப்பொருள்

முழுமையான ரோமானிய ஆண் பெயருக்கு உறுப்புகள் மூன்று: முன்பெயர், குலப்பெயர், பட்டப்பெயர். இலத்தீனில் இவற்றைப் பிரைநோமென், நோமென், காக்னோமென் என்பர். கயஸ் ஜூலியஸ் சீசர் என்பதில் கயஸ் முன்பெயர், ஜூலியஸ் குலப்பெயர், சீசர் பட்டப்பெயர். மார்க்கஸ் டுல்லியஸ் சிசரோ, பப்ளியஸ் ஓவிடியஸ் நாசோ ஆகியவையும் இதே அச்சில் வார்த்தவை. இந்த மூன்றையும் பார்த்தாலே ஒருவர் எந்தக் குலத்தவர், எந்தக் கிளையினர், அவருடைய மூதாதைக்கு மூக்கு எப்படி இருந்தது என்பது வரை ஊகித்துவிடலாம். ஊகிக்க முடியாதது ஒன்றுதான்: பெயருக்கு உரியவர் எப்படிப்பட்டவர் என்பது.

கற்பனைக் கதை எழுதுவோர் இந்த ஏற்பாட்டைப் பெரிதும் எளிமைப்படுத்தியிருக்கிறார்கள். கைக்குக் கிடைத்த சொல்லின் வாலில் ‘அஸ்’ சேர்த்தால் ரோமானியர் பிறந்துவிடுகிறார். இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தப் பிரசவத்தை இக்கட்டுரை விரிவாக ஆராய்கிறது. ஆய்வின் அடிப்படை முடிபு இது: பெயர் வைப்பதில் ரோமானியத் தந்தைக்குச் சுதந்திரம் இல்லாததே குறை, கதாசிரியருக்கோ அது அளவுக்கு மீறி உண்டு. கதைகளில் ரோமானியப் பெயர்கள் சறுக்குவதற்கு இந்தச் சுதந்திரமே காரணம்.

2. ‘அஸ்’ ஒட்டு: தோற்றமும் நோய்க்கூறும்

இலத்தீனில் ஆண்பாற் பெயர்ச்சொற்களில் ஒரு பெரிய வகுப்பு, எழுவாயாக நிற்கும்போது ‘அஸ்’ என்று முடியும். ஒரு வகுப்பின் உடைமையை மொழி முழுவதற்கும் பட்டா எழுதிக் கொடுத்ததே முதற்பிழை. சுயடோனியஸ் வரலாறு எழுதிய பன்னிரண்டு சீசர்களை, வழக்கில் உள்ள பெயர்களைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ், விட்டெல்லியஸ், வெஸ்பாசியானஸ், டைட்டஸ், டொமிட்டியானஸ் ஆகிய எழுவர் ‘அஸ்’ கட்சி. சீசர், கலிகுலா, நீரோ, கால்பா, ஓத்தோ ஆகிய ஐவர் எதிர்க்கட்சி. ஏழுக்கு ஐந்து என்பது பெரும்பான்மைதான், ஏகபோகம் அன்று.

சுல்லா, செனெக்கா, நெர்வா, காட்டிலினா ஆகியோர் அனைவரும் ஆண்கள். ‘ஆ’ ஒலியில் முடிந்தால் பெண் என்று முடிவு கட்டும் எழுத்தாளர், அகஸ்டசின் பெரும்படைத் தளபதி அக்ரிப்பாவுக்கு ரோமானியக் குடும்பப் பெண்கள் உடுத்தும் ஸ்டோலாவைச் சுற்றிவிடும் அபாயம் உண்டு.

எழுவாய் நிலையை விட்டு நகர்ந்தால் ‘அஸ்’ தானே உதிர்ந்துவிடும் என்பதற்குச் சான்று புதுச்சேரிக்கு அருகிலேயே கிடைத்திருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில், இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பாணியிலான சிவப்பு மட்கல ஓடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றில் பதிந்த முத்திரை ‘கமுரி’. கமுரியஸ் என்ற குயவருடையது என்று பொருள். பானை தம்முடையது என்று சொல்ல வந்தபோது அந்தக் குயவர் முதலில் கைவிட்டது ‘அஸ்’ஸைத்தான்.

ஒட்டு நோய்க்கு மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் குணத்தைக் குறிக்கும் சொல்லோடு விகுதி சேரும். கதைநாயகன் வீரஸ் ஆவான், வில்லன் கொடூரஸ் ஆவான். இரண்டாம் நிலையில் மூன்று முன்பெயர்கள் தொடுக்கப்படும்: மார்க்கஸ் லூசியஸ் டைட்டஸ். இப்படி ஒருவருக்குத் தலை மூன்று கிடைக்கும், குலம் கிடைக்காது. மூன்றாம் நிலையில் எழுத்தாளர் இவற்றைச் சரி என்று வாதிடத் தொடங்குவார். இந்த நிலைக்கு மருந்து இல்லை. 1959இல் கோசினியும் உதெர்சோவும் தொடங்கிய ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதை மட்டும் நோய்ப் பட்டியலில் சேராது. ரோமானியருக்கெல்லாம் ‘அஸ்’, பண்டைய பிரான்சான கால் நாட்டவருக்கெல்லாம் ‘இக்ஸ்’ என்று அது வேண்டுமென்றே பங்கு பிரித்தது. அங்கே ஒட்டுதான் நகைச்சுவை.

3. முன்பெயர்

குடியரசின் பிற்காலத்தில் பரவலாக வழங்கிய முன்பெயர்கள் ஏறத்தாழ பதினெட்டு. கயஸ், லூசியஸ், மார்க்கஸ், பப்ளியஸ், குயின்டஸ், டைட்டஸ், கினேயஸ், ஆலஸ், செக்ஸ்டஸ், டெசிமஸ், டைபீரியஸ், சர்வியஸ், மேனியஸ், ஸ்பூரியஸ் ஆகியவற்றைச் சொன்னாலே பட்டியலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பெண்குழந்தைக்கு எட்டாம் நாளும் ஆண்குழந்தைக்கு ஒன்பதாம் நாளும் பெயர் சூட்டினர். அந்த ஒன்பது நாளும் தந்தை தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கத் தேவை இருந்ததில்லை. மூத்த மகன் பெரும்பாலும் தந்தையின் பெயரையே எடுத்துக்கொள்வான். சிசரோ மார்க்கஸ், அவருடைய தந்தை மார்க்கஸ், பாட்டன் மார்க்கஸ், மகனும் மார்க்கஸ்.

உயர்குடிக் குலங்கள் இந்தப் பதினெட்டையும் மேலும் கத்தரித்தன. டொமிட்டியஸ் குலத்து அகேனோபார்பஸ் கிளையினர் கினேயஸ், லூசியஸ் என்ற இரண்டை மட்டுமே வைத்துக்கொண்டு காலம் தள்ளினர் என்கிறார் சுயடோனியஸ். அந்தக் கிளையில் பிறந்தவரே பிற்காலத்து நீரோ; இயற்பெயர் லூசியஸ். கிளாடியஸ் குலத்தில் லூசியஸ் என்ற பெயர் கொண்ட இருவரில் ஒருவர் வழிப்பறிக்கும் மற்றவர் கொலைக்கும் தண்டனை பெற்றதால், குலம் கூடி அந்தப் பெயரையே விலக்கியது. கி.மு. 384இல் மார்க்கஸ் மான்லியஸ் கேபிடோலினஸ் முடியாட்சிக்கு ஆசைப்பட்டதாகக் கொல்லப்பட்ட பின், மான்லியஸ் குலத்தில் எவரும் மார்க்கஸ் ஆகக் கூடாது என்று முடிவாயிற்று.

மார்க் ஆண்டனி என்று அறியப்படும் மார்க்கஸ் அன்டோனியஸ் வீழ்ந்தபோது செனட் அவையே தலையிட்டு, இனி எந்த அன்டோனியசும் மார்க்கஸ் என்ற பெயரைத் தாங்கக் கூடாது என்று தீர்மானித்தது. ஆண்டனியின் ஆணையால் தலை துண்டிக்கப்பட்டவர் சிசரோ. மார்க்கஸ் பெயருக்குத் தடை வந்தபோது கான்சல் என்னும் உச்ச ஆட்சிப் பதவியில் இருந்தவர் அந்தச் சிசரோவின் மகன். அவர் பெயரும் மார்க்கஸ்.

எண்ணிக்கையைக் குறிக்கும் முன்பெயர்களைக் கண்டு எழுத்தாளர் ஏமாறக்கூடாது. குயின்டஸ் ஐந்தாமவன், செக்ஸ்டஸ் ஆறாமவன், டெசிமஸ் பத்தாமவன். ஆனால் சிசரோவின் ஒரே தம்பி குயின்டஸ். இடையில் மூவர் காணாமல் போனதாகக் கதை கட்ட வேண்டியதில்லை. வழக்கில் எண் தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஸ்பூரியஸ் பழைய, மதிப்பான முன்பெயர்; நாளடைவில் அச்சொல் முறைகேடாகப் பிறந்தவனைக் குறிக்கலாயிற்று. கதைநாயகனின் தாயை மதிக்கும் ஆசிரியர், பேரரசுக் காலக் கதையில் இதைத் தவிர்ப்பார்.

கல்வெட்டுகளில் முன்பெயரை முழுதாகப் பொறிப்பதில்லை. மார்க்கஸ் ‘எம்’; டைட்டஸ் ‘டி’; டைபீரியஸ் ‘டிஐ’. கயஸ் ‘சி’ ஆனது, ‘ஜி’ என்ற தனி எழுத்து ஏற்படாத பழங்காலத்துச் சுருக்கம் மாறாமல் நின்றதால். இந்த ஒற்றை எழுத்தை இனிஷியல் என்று எண்ணிவிடக்கூடாது. அது தந்தையைக் குறிப்பதில்லை, ஆளையே குறிக்கிறது. தந்தைக்குத் தனி இடம் உண்டு. சிசரோவின் பெயரை முறைப்படி எழுதினால் ‘எம். டுல்லியஸ் எம். எஃப். எம். என். கோர். சிசரோ’: மார்க்கஸ் டுல்லியஸ், மார்க்கஸின் மகன், மார்க்கஸின் பேரன், கொர்னேலியா வாக்குப் பிரிவினன், சிசரோ. பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர், தொகுதி எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. விண்ணப்பப் படிவத்தில் மிஞ்சுவது கையெழுத்து மட்டுமே.

4. குலப்பெயர்

மூன்று உறுப்புகளில் முதுகெலும்பு இதுவே. ஜூலியஸ், கொர்னேலியஸ், கிளாடியஸ், வலேரியஸ், எமிலியஸ் என இவை பெரும்பாலும் ‘இயஸ்’ என்று முடியும். அல்பேனஸ், வொரேனஸ் போன்ற ‘ஏனஸ்’ முடிவுகளும், எட்ருஸ்கன் வழிவந்த சீசினா, பெர்ப்பெர்னா போன்ற ‘னா’ முடிவுகளும் உண்டு. ‘அஸ்’ ஒட்ட வேண்டும் என்று கை அரித்தால் எழுத்தாளர் ஒட்ட வேண்டிய இடம் இது. அதுவும் வெறும் ‘அஸ்’ போதாது, ‘இயஸ்’ வேண்டும்.

குலப்பெயர் சமூக நிலையைக் காட்டிக் கொடுத்துவிடும். பப்ளியஸ் கிளாடியஸ் புல்க்கர் என்ற உயர்குடியினர், பாமர மக்களின் ஆதரவைத் தேடி ‘கிளோடியஸ்’ என்று எழுதிக்கொண்டார். கி.மு. 59இல் மக்கள் பிரதிநிதிப் பதவிக்காகப் பாமரக் குலத்தில் தத்தும் போனார். தத்துத் தந்தை தத்துப் பிள்ளையைவிட வயதில் இளையவர். ரோமானிய அரசியலில் ஓர் உயிரெழுத்துக்கு இருந்த விலையை இது காட்டும்.

கதையில் ஜூலியஸ் என்று குலப்பெயர் வைத்தால் பொருள் இரண்டு. ஒன்று, பாத்திரம் சீசருக்கு உறவு. மற்றொன்று, அவருடைய முன்னோர் சீசராலோ அகஸ்டசாலோ குடியுரிமை பெற்ற வேற்றுநாட்டவர். கி.பி. 68இல் நீரோவுக்கு எதிராகக் கிளர்ந்த கயஸ் ஜூலியஸ் விண்டெக்ஸ் இரண்டாம் வகை. கால் நாட்டுக் குடும்பத்தவர். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், பிளாவியஸ் குலப்பெயரைப் பெற்றது வெஸ்பாசியானஸ் குடும்பத்தின் தயவால். பேரரசின் எல்லைப்புறக் கதைகளுக்கு இந்த வகைப் பெயர் மிகப் பொருத்தம். பெயரே நன்றிக்கடனை அறிவித்துவிடும்.

5. பட்டப்பெயர்

ரோமானியப் பெயர்முறையில் வளமான பகுதி இதுவே. ரோமானிய உயர்குடியினர் தம் பரம்பரையை உலகம் மதிக்க வேண்டும் என்று விரும்பினர். அந்தப் பரம்பரைக்குப் பெயராக வாய்த்தவையோ பள்ளிக்கூட வாசலில் பிறந்த கேலிகள். இவற்றை நான்கு வகைப்படுத்தலாம்.

அ) உடற்குறை வகை. நாசோ பெரிய மூக்கன், ஸ்ட்ராபோ மாறுகண்ணன், கால்வஸ் வழுக்கையன், பால்பஸ் திக்குவாயன், கிராசஸ் தடியன், ஸ்கீவோலா இடக்கையன், சீகஸ் குருடன். கவிஞர் ஓவிடியஸ் தம் பாடல்களில் தம்மை நாசோ என்றே அழைத்துக்கொள்கிறார். தன்னடக்கம் காரணமன்று. ஓவிடியஸ் என்ற சொல்லில் குற்றசைகள் மூன்று அடுத்தடுத்து வருவதால் அவர் கையாண்ட யாப்பில் அது அடங்காது. மூக்கு அடங்கியது.

ஆ) தானிய வகை. சிசரோ கொண்டைக்கடலை. இங்கே இரண்டு கோட்பாடுகள் மோதுகின்றன. மூதாதை ஒருவரின் மூக்கு நுனியில் கடலையின் பிளவு போன்ற பள்ளம் இருந்தது என்பது புளூட்டார்க் கூறும் மூக்குக் கோட்பாடு. கடலை பயிரிடுவதில் மூதாதை வல்லவர் என்பது மூத்த பிளினியின் வயல் கோட்பாடு. லென்டுலஸ் மைசூர்ப் பருப்பையும், குலப்பெயரே ஆயினும் ஃபாபியஸ் மொச்சையையும் சார்ந்தவை. பீசோ தானியம் இடிக்கும் தொழிலிலிருந்து வந்தது என்றும் பிளினி சொல்கிறார். அரசியலுக்கு வருமுன் இந்தக் கடலையை மாற்றிக்கொள்ளுமாறு நண்பர்கள் சொன்னபோது, அதைப் பெரும்பெயராக்கிக் காட்டுவதாகச் சிசரோ விடையளித்தார். சிசிலியில் பதவி வகித்தபோது கோயிலுக்கு அளித்த வெள்ளிக் கலத்தில் ‘மார்க்கஸ் டுல்லியஸ்’ என்று பொறித்துவிட்டு, மூன்றாம் பெயருக்குப் பதில் ஒரு கொண்டைக்கடலையைச் செதுக்கும்படி பணித்தார். தம் பட்டப்பெயரோடு சமாதானம் செய்துகொண்டவர்களில் அவருக்கு முதலிடம்.

இ) விலங்கு வகை. கி.மு. 260இன் கான்சல் கினேயஸ் கொர்னேலியஸ் சிப்பியோ ஆசினா. ஆசினா என்றால் பெண் கழுதை. நிலம் வாங்கியதற்கோ மகளை மணம் முடித்ததற்கோ கொர்னேலியஸ் குலத்து ஒருவரிடம் பிணை கேட்டபோது, பணமூட்டை ஏற்றிய கழுதையையே மன்றத்துக்கு அவர் ஓட்டி வந்தார் என்று ரோமானிய அறிஞர் மாக்ரோபியஸ் காரணம் கூறுகிறார். ரொக்கம் கொடுத்தவருக்குக் கிடைத்த பெயர் இது. கடன் சொல்லியிருந்தால் கௌரவமாகத் தப்பியிருப்பார். ஸ்க்ரோஃபா பெண் பன்றி, பெஸ்டியா மிருகம், கோர்வஸ் அண்டங்காக்கை.

ஈ) சாதனை வகை. ஹன்னிபாலை வென்ற சிப்பியோ ஆஃப்ரிகானஸ் ஆனார். பகைவனின் கழுத்தணியைப் பறித்த மான்லியஸ் டோர்குவாட்டஸ் ஆனார். எழுத்தாளர்கள் பெரிதும் விரும்பும் வகை இதுதான். கிடைப்பது மிக அரிது.

வகைகள் ஒரே ஆளில் கூடுவதும் உண்டு. குயின்டஸ் ஃபாபியஸ் மாக்சிமஸ் வெருக்கோசஸ் கங்க்டேட்டர் என்ற தளபதியின் பெயரில் மிகப்பெரியவன், மருக்காரன், காலம் கடத்துபவன் ஆகிய மூன்றும் உள்ளன. உதட்டுக்கு மேலிருந்த மரு பெயருக்குள் ஏறியது. சிறுவயதில் அவரை ஆட்டுக்குட்டி என்றும் அழைத்தார்கள். அது நல்லவேளையாகக் கல்லில் ஏறவில்லை.

இந்த வகைப்பாட்டைக் கதையில் பயன்படுத்துமுன் ஒரு சட்டம் நினைவிருக்க வேண்டும்: பட்டப்பெயர் பரம்பரைச் சொத்து. சீசர் என்பதற்கு அடர்ந்த முடியுடையவன் என்று ஒரு சாரார் பொருள் சொல்வர். ஜூலியஸ் சீசரோ வழுக்கையை மறைக்கப் பின்முடியை முன்னால் வாரிவிட்டவர். புரூட்டஸ் என்றால் மந்தன். சீசரைக் குத்திய புரூட்டஸ் நூல் பல கற்றவர். ஆகவே கதையில் கிராசஸ் என்பவர் ஒல்லியாகவே இருக்கட்டும். கால்வஸ் தலை நிறைய முடியோடு வரட்டும். கால்வஸ் வழுக்கையாகவும் நாசோ பெரிய மூக்கோடும் வரும் கதையில், எழுத்தாளரின் அகராதி மட்டுமே வெளியே தெரியும்.

பட்டப்பெயர் இல்லாமலும் காலம் தள்ளலாம். கயஸ் மாரியஸ் ஏழு முறை கான்சல். மூன்றாம் பெயர் கிடையாது. மார்க்கஸ் அன்டோனியசுக்கும் கிடையாது. குடியரசுக் காலப் பாமரப் பாத்திரத்துக்கு இரண்டு பெயர் தாராளம்.

6. பெண்பெயர்

குடியரசுக் காலப் பெண்பெயரைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஒரே வரியில் எழுதிவிடலாம்: தந்தையின் குலப்பெயரைப் பெண்பாலாக்குக. ஜூலியஸ் குலத்துப் பெண் ஜூலியா. டுல்லியஸ் குலத்துப் பெண் டுல்லியா. மகள்கள் இருவராயின் மூத்தவள் ‘மேஜர்’, இளையவள் ‘மைனர்’. மேலும் பிறந்தால் டெர்ஷியா, அதாவது மூன்றாமவள் என எண்ணிக்கை தொடரும். சீசரின் அத்தை ஜூலியா, சகோதரிகள் இருவரும் ஜூலியா, மகளும் ஜூலியா.

உச்சநிலைச் சான்று அகஸ்டசின் தமக்கை ஒக்டேவியா. அவருக்கு ஒரு மாற்றாந்தாய் வயிற்றுத் தமக்கை, அவரும் ஒக்டேவியா. மார்செல்லசை மணந்து பெற்ற பெண்கள் இருவரும் மார்செல்லா. ஆண்டனியை மணந்து பெற்ற பெண்கள் இருவரும் அன்டோனியா. நான்கு மகள்களுக்கு இரண்டே பெயர். இந்தக் குடும்பத்தை நாடகமாக்கும் ஆசிரியர், பெயரைச் சொல்லிக் கூப்பிடும் காட்சிகளைக் குறைத்துக்கொள்வது நலம்.

கதைக்கு வழி இல்லாமல் இல்லை. சிசரோ தம் மகளைச் செல்லமாக டுல்லியோலா என்பார்; குட்டி டுல்லியா. பேரரசுக் காலத்தில் பட்டப்பெயரும் சேர்ந்து லிவியா டுரூசில்லா, வலேரியா மெசலினா என இரட்டைப் பெயர்கள் பரவின. நான்கு சகோதரிகளை வேறுபடுத்திக் காட்டியே ஆக வேண்டும் என்ற ஆசிரியர், கதையை நூறு ஆண்டு பிந்திய காலத்தில் வைக்கலாம்.

7. தத்து, அடிமை, விடுதலை

தத்துப் போனவர் புதுத் தந்தையின் பெயரை முழுவதும் ஏற்று, பழைய குலத்தை ‘ஆனஸ்’ என்ற வாலில் தொங்கவிடுவார். எமிலியஸ் பவுல்லசின் மகன் சிப்பியோ குடும்பத்துக்குத் தத்துப் போய், பப்ளியஸ் கொர்னேலியஸ் சிப்பியோ எமிலியானஸ் ஆகி, கி.மு. 146இல் கார்த்தேஜை அழித்தார். சீசரால் தத்தெடுக்கப்பட்ட கயஸ் ஒக்டேவியசை வரலாறு ஒக்டேவியானஸ் என்கிறது. அவரோ அந்த வாலைத் தாம் எழுதிக்கொள்ளவில்லை. பழைய வீட்டை நினைவூட்டும் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை.

கொங்கு வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைத்த டைபீரியசின் வெள்ளி நாணயத்தைக் கையில் எடுத்தால் இந்தச் சட்டம் தெரியும். தலையைச் சுற்றி ஓடும் எழுத்துகளின் பொருள்: டைபீரியஸ் சீசர், தெய்வ அகஸ்டசின் மகன், அகஸ்டஸ். தொடக்கத்தில் ‘டிஐ’ என்ற சுருக்கம். நடுவே ‘எஃப்’, மகன். பெற்ற தந்தை டைபீரியஸ் கிளாடியஸ் நீரோவுக்கு அந்த வட்டத்தில் ஓர் எழுத்தும் இடமில்லை.

அடிமைக்குச் சட்டத்தின் கண்ணில் தந்தை இல்லை. ஒற்றைப் பெயர் மட்டுமே. அதையும் வாங்கியவரே வைப்பார். எபேசஸ் சந்தையில் மூவர் ஆளுக்கோர் அடிமை வாங்குவதாக வைத்து ரோமானிய அறிஞர் வாரோ ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். ஒருவர், விற்றவரான ஆர்டெமிடோரசை ஒட்டி ஆர்டெமாஸ் என்று வைப்பார். இன்னொருவர், வாங்கிய நாடு அயோனியா என்பதால் அயோன் என்பார். மூன்றாமவர், ஊரை வைத்து எபேசியஸ் என்பார். மூன்று மனிதருக்கும் பெயராக அமைந்தது கொள்முதல் விவரம்.

விடுதலையானவர் உரிமையாளரின் முன்பெயரையும் குலப்பெயரையும் பெற்று, அடிமைப்பெயரை மூன்றாவதாக வைத்துக்கொள்வார். சிசரோவின் எழுத்தர் டிரோ, விடுதலைக்குப் பின் மார்க்கஸ் டுல்லியஸ் டிரோ. கல்வெட்டில் மகன் என்னும் ‘எஃப்’ வரவேண்டிய இடத்தில், விடுவிக்கப்பட்டவன் என்னும் ‘எல்’ வரும். ஓர் எழுத்து மாற்றத்தில் ஒரு வாழ்க்கை வரலாறு அடங்கிவிடும்.

8. காலம்

எந்த நூற்றாண்டுக் கதை என்று தெரியாமல் பெயர் வைக்கக் கூடாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உயர்குடியினர் தாய்வழி, தந்தைவழிப் பெயர்களையெல்லாம் வாரிச் சேர்க்கத் தொடங்கினர். கி.பி. 169இன் கான்சல் குயின்டஸ் பொம்பேயஸ் செனெசியோவின் முழுப்பெயரில் உறுப்புகள் 38. கதையில் அவரை ஒருமுறை அறிமுகப்படுத்தினால் ஒரு பத்தி நிறைந்துவிடும். கி.பி. 212இல் பேரரசர் கரக்கல்லா ஏறத்தாழ எல்லாச் சுதந்திரக் குடிகளுக்கும் குடியுரிமை வழங்கினார். அவருடைய முறையான பெயர் மார்க்கஸ் ஔரேலியஸ் அன்டோனினஸ் என்பதால், எகிப்து முதல் பிரிட்டன் வரை புதுக்குடிகள் ஔரேலியஸ் ஆனார்கள். எல்லாரும் ஔரேலியஸ் ஆனபின் அந்தப் பெயரால் எவரையும் அடையாளம் காண முடியவில்லை. முன்பெயரும் தேய்ந்து மறைந்தது. ஏளனமாகப் பிறந்த மூன்றாம் பெயரே இறுதியில் மனிதரின் உண்மையான பெயராக நிலைத்தது.

9. கதைமாந்தர் சிலர்மீது சோதனை

மேற்கண்ட அளவுகோலை அறிமுகமான சிலர்மீது வைத்துப் பார்க்கலாம்.

மாக்சிமஸ் டெசிமஸ் மெரிடியஸ், கிளாடியேட்டர் திரைப்படம், 2000: டெசிமஸ் முன்பெயர், மெரிடியசுக்குக் குலப்பெயரின் சாயல் உண்டு, மாக்சிமஸ் பட்டப்பெயர். உறுப்புகள் மூன்றும் உள்ளன, வரிசைதான் கலைந்திருக்கிறது. டெசிமஸ் மெரிடியஸ் மாக்சிமஸ் என்று அடுக்கினால் தேறுவார்.

டைட்டஸ் அன்ட்ரோனிகஸ், ஷேக்ஸ்பியர்: குலப்பெயரே இல்லை. அன்ட்ரோனிகஸ் கிரேக்கப் பெயர்; வரலாற்றில் அதைத் தாங்கிய லூசியஸ் லிவியஸ் அன்ட்ரோனிகஸ் விடுதலை பெற்ற அடிமை எனப்படும் கவிஞர். ரோமின் பெருந்தளபதிக்கு இந்தப் பெயர் பொருந்தாது. நாடகத்தில் அவருக்கு நேரும் துன்பங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய துன்பம்.

குயின்டஸ் அர்ரியஸ், பென்ஹர் நாவல், 1880: முன்பெயர், மெய்யான பாமரக் குலப்பெயர். குறை இல்லை.

லூசியஸ் வொரேனஸ், டைட்டஸ் புல்லோ, ரோம் தொலைக்காட்சித் தொடர், 2005: சீசரின் காலியப் போர்க் குறிப்புகளில் வரும் இரண்டு நூற்றுவர் தலைவர்களின் பெயர்கள். எழுத்தாளர் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே முழு மதிப்பெண்.

ஜேம்ஸ் டைபீரியஸ் கிர்க், ஸ்டார் டிரெக்: முன்பெயர் நடுவில் சிக்கியிருக்கிறது. விண்கலத் தலைவர் என்பதால் விதிவிலக்கு.

புளூட்டார்க் ஹெவன்ஸ்பீ, ஹங்கர் கேம்ஸ்: புளூட்டார்க் கிரேக்கர் என்று ஆட்சேபம் எழலாம். ரோமானியக் குடியுரிமை பெற்ற அவருக்கு லூசியஸ் மெஸ்ட்ரியஸ் புளூட்டார்க்கஸ் என்ற முறையான பெயர் உண்டு. நண்பர் மெஸ்ட்ரியஸ் புளோரசின் குலம் அது. ஆட்சேபம் தள்ளுபடி.

10. செய்முறை

இலங்கைக்கு வந்த ரோமானியர் ஒருவரைப் பற்றி நாவல் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரம் பிளினியிடம் உள்ளது. செங்கடல் வரியைக் குத்தகை எடுத்த ஆன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை, அரேபியாவைச் சுற்றி வருகையில் வடகாற்றில் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாள் தப்ரபேனில், அதாவது இலங்கையில், ஹிப்புரோஸ் துறையில் ஒதுங்கினார். ஆறு மாதத்தில் மொழி கற்று, மன்னருக்கு ரோமைப் பற்றிச் சொன்னார். வெவ்வேறு தலை பொறித்த ரோமானியக் காசுகள் ஒரே எடையில் இருந்தது மன்னரைக் கவர்ந்தது. வந்தவரின் பெயரைப் பிளினி குறிக்கவில்லை.

எழுத்தாளர் கலங்க வேண்டியதில்லை. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் கி.பி. 6ஆம் ஆண்டில் லிசாஸ் என்ற அடிமை பொறித்த கல்வெட்டு, அவருடைய உரிமையாளரைப் பப்ளியஸ் ஆன்னியஸ் புளோக்காமஸ் என்கிறது. ஆக, விடுதலை பெற்றவரின் முதல் இரண்டு பெயர்களைச் சட்டமே எழுதிவிட்டது: பப்ளியஸ் ஆன்னியஸ். ஆசிரியருக்கு மிஞ்சுவது மூன்றாவது ஒன்றே. ஹெர்மெஸ், ஈரோஸ், ஃபெலிக்ஸ் போன்ற அடிமைப்பெயர்களில் ஒன்றை எடுத்தால், பப்ளியஸ் ஆன்னியஸ் ஹெர்மெஸ் கரையிறங்கத் தயார். விடுதலைக்குப் பின் பிறந்த மகள் இருந்தால் அவள் ஆன்னியா. இரண்டாம் மகளும் ஆன்னியா.

இதிலிருந்து பொதுவிதி ஆறு படிகளில் அமையும். முதலில் நூற்றாண்டைக் குறிக்க. அடுத்து, பாத்திரம் பிறவிக் குடியா, புதுக்குடியா, விடுதலை பெற்றவரா என்று தீர்மானிக்க. பின் குலப்பெயரை இடுக. புகழ்பெற்ற குலமாயின் காரணம் கதையில் இருக்க வேண்டும். தந்தையின் முன்பெயரை மூத்த மகனுக்கு அளிக்க. பட்டப்பெயர் வேண்டுமாயின் முப்பாட்டனின் உடலில் ஒரு குறையைத் தேடுக. இறுதியாக, வில்லனுக்கு வில்லன் என்று பொருள்படும் பெயரை வைக்கும் ஆசையை அடக்குக.

11. முடிபு

ரோமானியப் பெயரில் எழுத்தாளர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுத்த உறுப்பு ஒன்றுக்கு மிகாமல் இருந்தால் பெயர் தேறும். இரண்டானால் ஐயத்துக்கு உரியது. மூன்றும் அவர் விருப்பமானால் அது ரோமானியப் பெயர் அன்று, புனைபெயர். பெயர் வைத்து முடித்தபின் எழுத்தாளர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பெயரை இவருக்குக் கொடுத்தது யார்? தந்தை, தத்துத் தந்தை, உரிமையாளர், பேரரசர் என இந்நால்வருள் ஒருவர் விடையாக வந்தால் பெயரை அச்சுக்கு அனுப்பலாம். ‘நான்தான்’ என்று விடை வந்தால், ‘அஸ்’ஸை எடுத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதே முறை.